செத்த வயர்

பன்னிரண்டு வோல்ட். ஒரு காருக்குள் ஓடுகிற மொத்தக் கரண்டும் அவ்வளவுதான். ஈரக் கையால் தொட்டாலும் கூசக்கூடச் செய்யாது. நான் இருபத்தெட்டு வருஷமாக வீட்டு வயரிங் செய்கிறவன். நானூறு வோல்ட் மெயின் போர்டைத் திறந்துபோட்டுவிட்டு அதற்கு முன்னாலேயே நின்று டீ குடித்தவன். என்னை வீட்டில் வைத்துக்கொண்டு, ஒரு கார் ஸ்டீரியோவை மாட்ட வெளியாளைத் தேடினால் எனக்குக் கோபம் வருமா வராதா?

தேடியது வேறு யாருமில்லை, நான் பெற்ற மகள்தான். ஒரு சனிக்கிழமை மதியம் அட்டைப்பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். மாமா கடையில் புது செட் வாங்கியிருப்பதாகவும், மறுநாள் அவரே மாட்டித் தருவதாகச் சொல்லியிருப்பதாகவும் போகிற போக்கில் சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

மாமா என்று அவள் சொல்வது என் மச்சினனை, என் மனைவியின் தம்பியை. கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டுகிற கடை வைத்திருக்கிறான். சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, செட்டுக்காரன் என்றால்தான் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் புதுக் கடை பிடித்தான். அதற்கு வயரிங் செய்ய வேறு ஒருவனைக் கூப்பிட்டான். சொந்த அக்காள் புருஷன், இதே தொழில் செய்கிறவன், இரண்டு தெரு தள்ளிக் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன். விஷயம் எனக்குத் தெரிந்ததே அந்தக் கடைக்குப் பெயிண்ட் அடித்தவன் சொல்லித்தான். அன்றிலிருந்து அந்தக் கடைப் படியை நான் மிதிக்கவில்லை. என் மனைவி போய் வருவாள். வந்து, தம்பி உங்களை விசாரித்தான் என்பாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன்.

கார் மகளுடையது. ஒரு துணிக்கடையில் ஐந்து வருஷம் கால் கடுக்க நின்று சேர்த்து வாங்கிய பழைய கார். ஆஸ்பத்திரியில் காலை ஷிப்டுக்குப் போகிற நான்கு நர்ஸ்களை அவரவர் வாசலில் ஏற்றிக்கொண்டு, ஐந்தரைக்குள் ஆஸ்பத்திரி கேட்டில் இறக்கிவிட வேண்டும். மதியம் திரும்ப அழைத்து வர வேண்டும். இந்த ரூட்டுக்காக எட்டு மாதம் நடையாய் நடந்தாள். அங்கே வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர் ஒரு விதி வைத்திருக்கிறார். ஒரே மாதத்தில் மூன்று தடவை தாமதமானால், வரிசையில் அடுத்து நிற்கிற வண்டிக்கு ரூட் போய்விடும். அந்த மாதம் டயர் பஞ்சராகி இவளுக்கு ஏற்கெனவே ஒரு தாமதம் விழுந்திருந்தது. புது செட் வாங்கியதும் பாட்டுக்காக மட்டும் இல்லை. வண்டி ஓட்டும்போது நர்ஸ்கள் யாராவது போன் செய்தால், போனைக் கையில் எடுக்காமலே ஸ்பீக்கரில் பேசலாமாம். பழைய செட் இரைச்சலைத் தவிர வேறெதையும் பாடி ஆறு மாதம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தலைக்குக் குளித்துவிட்டு வருவதற்குள் நான் காருக்குள் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஈரத் தலையோடு வந்து நின்றாள். மாமா பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார் என்றாள். மாமாவுக்கு நான் போன் செய்து வேண்டாமென்று சொல்லிவிட்டதாகப் பொய் சொன்னேன்.

"அப்பா, இது வீட்டு வயரிங் இல்லப்பா."

"கரண்டு கரண்டுதான். உன் மாமன் பொறக்கறதுக்கு முன்னாடியே நான் டெஸ்டர் பிடிச்சவன்."

இதுவும் பொய்தான். அவன் பிறந்தது எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது.

டேஷ்போர்டின் பிளாஸ்டிக் சட்டத்தை என் மனைவியின் கரண்டிக் காம்பால் நெம்பினேன். பழைய செட் இரண்டு கிளிப்பில் நின்றிருந்தது. இழுத்ததும் பின்னால் ஒரு கொத்து வயரோடு வெளியே வந்து தொங்கியது. புது செட்டின் பெட்டிக்குள் மச்சினன் தன் பங்குக்கு ஒரு இணைப்பு வயரும் போட்டிருந்தான். ஒரு முனையில் காரின் பிளக், மறுமுனையில் செட்டின் பிளக். இரண்டு பக்கமும் செருகினால் வேலை முடிந்தது. செருகுகிற வேலைக்கு எலக்ட்ரீஷியன் எதற்கு? பச்சைக் குழந்தைகூடச் செருகும். என்னைக் குத்திக்காட்டவே வைத்திருக்கிறான் என்று தோன்றியது. அதைத் தூக்கிப் பெட்டிக்குள்ளேயே எறிந்தேன். வயர் விவரம் அச்சடித்த காகிதம் ஒன்றும் இருந்தது. அதை நாலாக மடித்து டீ கிளாசுக்கு அடியில் வைத்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் காகிதம் பார்த்து நான் வேலை செய்தது கிடையாது. செட்டோடு வந்த பிளக்கை வெட்டினேன். காரின் பிளக்கையும் வெட்டினேன்.

இந்தத் தொழிலில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு, அதை நான் எந்த வேலையிலும் விட்டதில்லை. மெயினை அணைக்காமல் வயரில் கை வைக்க மாட்டேன். காரில் மெயின் எது? சாவிதான். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் சின்ன பல்பு ஒன்றை எடுத்துக் காரிலிருந்து வருகிற வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு வயரில் பல்பு பளிச்சென்று எரிந்தது. சாவி என் பையில் இருக்கும்போதே எரிகிறதென்றால் அது நேராக பேட்டரியிலிருந்து வருகிறது. சரி, இதுதான் லைன். அதை ஒட்டியே அதே கனத்தில் இன்னொரு வயர் வந்தது. அதில் பல்பு எரியவே இல்லை. இரண்டு தடவை சுரண்டிப் பார்த்தேன், உயிரே இல்லை. செத்த வயர். முன்னால் வைத்திருந்தவன் எதற்கோ இழுத்து விட்டிருப்பான் என்று நினைத்து, நுனியில் டேப்பைச் சுற்றி உள்ளே தள்ளினேன்.

இனி செட்டின் பக்கம். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வேலை பழகிய நாளிலிருந்து தெருக் கம்பத்திலிருந்து வருகிற மூன்று லைனுக்கும் இந்த மூன்று நிறம்தான், நியூட்ரலுக்குக் கறுப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வீட்டுக்குள் ஒரே லைன்தான் வருகிறதென்றால் மூன்றையும் சேர்த்து அந்த ஒன்றில் கொடுத்துவிடுவோம். இங்கேயும் லைன் ஒன்றுதான். ஓட்டுகிறவர் சீட்டுக்கு அடியில் பழைய சொந்தக்காரர் மாட்டிவிட்டுப் போன ஆம்ப் ஒன்று இருந்தது, பாட்டுக்குக் கனம் கொடுக்கிற பெட்டி. அதிலிருந்தும் ஒரு நீல வயர் வந்தது. அதையும் சேர்த்து, நாலு நுனியையும் லைனோடு முறுக்கி, என் கை ஜாயிண்ட் போட்டேன். என் ஜாயிண்ட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இழுத்தால் வயர் அறுமே தவிர ஜாயிண்ட் பிரியாது. கறுப்பை காரின் இரும்பு பாடியில் கொடுத்தேன். ஸ்பீக்கர் வயர்கள் ஜோடி ஜோடியாக வந்தன, அதில் குழப்பமே இல்லை.

பொத்தானை அழுத்தியதும் செட் கலர் கலராக எழுந்து பாடியது. சீட்டு அதிர்ந்தது. எதிர்வீட்டு லாரி டிரைவர் பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் பக்கத்து இருக்கையில் ராஜா மாதிரி சாய்ந்துகொண்டேன். மகளுக்கும் சிரிப்பு வந்தது, அதை மறைக்க முடியவில்லை. பிறகு ஏதோ யோசித்து என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"சாவி உங்ககிட்டதானே இருக்கு? அப்புறம் எப்படிப் பாடுது?"

"அதுதான் வசதி. சாவி இல்லாமலே பாட்டு கேக்கலாம். உன் மாமன் கடையில இந்த வசதி கிடைக்குமா?"

வேண்டும்போது பொத்தானை அழுத்தி அணைத்துக்கொள் என்றேன். வீட்டில் விளக்கை நாம்தானே அணைக்கிறோம், அது தானாகவா அணைகிறது? அவளும் அழுத்தி அணைத்தாள்.

திங்கட்கிழமை காலை இன்ஜின் கொஞ்சம் முனகிவிட்டு எடுத்தது. செவ்வாய்க்கிழமை முனகக்கூட இல்லை. சாவியைத் திருகினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எதிர்வீட்டு லாரி டிரைவரை எழுப்பி, அவர் வண்டியிலிருந்து கரண்டு கொடுத்து எடுப்பதற்குள் மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. நர்ஸ்கள் நான்கு பேரும் இருபத்தைந்து நிமிஷம் தாமதமாகக் கேட்டில் இறங்கினார்கள். இரண்டாவது தாமதம்.

எனக்கு பேட்டரிமேல் கோபம். மதியம் வண்டி திரும்பி வந்ததும் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு பேட்டரி கடைக்கே போனேன். என்னய்யா விற்கிறீர்கள் என்று கேட்டேன். அந்த ஆள் அலட்டிக்கொள்ளாமல் மாலை வரை சார்ஜில் போட்டுச் சோதித்துவிட்டு, பேட்டரி பழசுதான் ஆனால் கெட்டுப்போகவில்லை, வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது, சமீபத்தில் புதிதாக என்ன மாட்டினீர்கள் என்று கேட்டான். மாட்டியது நான்தான், ஆனால் செட்டை விற்றது யார்? அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். மச்சினன் கோளாறான செட்டைத் தலையில் கட்டிவிட்டான். சொந்த அக்காள் மகளுக்கே.

வீட்டுக்கு வந்து கத்தினேன். என் மனைவி, தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினால் என்ன என்றாள். காட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, அவன் வந்து என் காலில் விழட்டும் என்றேன். மகள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"செட்டைக் கழட்டி வச்சிரலாம்ப்பா. இந்த மாசம் முடியற வரைக்கும் மட்டும். பாட்டு ஒண்ணும் அவசரமில்ல."

நியாயமான பேச்சு. ஒரு குழந்தைக்குக்கூட அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. நான் கண்டுபிடித்தேன். செட்டைக் கழற்றினால் மாட்டியவனுக்கு வேலை தெரியவில்லை என்று ஆகிவிடும். தெரு முழுக்கப் பார்த்திருக்கிறது. மச்சினன் காதுக்குப் போகும். அவன் சிரிப்பான். இதெல்லாம் ஒரு நொடிக்குள் என் மண்டைக்குள் ஓடியது.

"அதெல்லாம் வேணாம். பேட்டரி ஃபுல்லா சார்ஜ் ஏத்தியாச்சு. இனி ஒரு நாள் வண்டி எடுக்கலன்னா என் பேரை மாத்தி வச்சுக்கோ."

"இன்னும் ஒரு தடவைதாம்ப்பா இருக்கு."

"அப்பன் சொல்றேன்ல."

அவள் சரி என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

புதன்கிழமை வண்டி ஒரே சாவியில் எடுத்தது. நான் வாசலில் நின்று, பார்த்தாயா என்று மனைவியிடம் சொன்னேன். அன்று சாயங்காலம் என் மனைவி சீட்டுக்கு அடியில் உருண்டுபோன தேங்காயை எடுக்கக் கையை விட்டாள். வண்டி வந்து நின்று மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அந்தப் பெட்டி ஏன் இப்படிச் சுடுகிறது என்று கேட்டாள். வெயிலில் நின்ற வண்டி சுடாமல் குளிருமா என்றேன். வண்டி நின்றிருந்தது நிழலில். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை நாலேமுக்காலுக்கு மறுபடியும் அதே டக்.

எதிர்வீட்டு லாரி முதல் நாளே லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நானும் என் மனைவியும் தள்ளினோம். அவள் நைட்டியோடு, நான் பனியனோடு. மகள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் மட்டுமே பார்த்தாள். தெருமுனை வரை தள்ளி, திருப்பி, மறுபடியும் தள்ளினோம். என் மனைவி ஒரு இடத்தில் கால் மடங்கி உட்கார்ந்தே விட்டாள். ஐந்தேகாலுக்கு இன்ஜின் உயிர் பிடித்தது. அதற்குள் நர்ஸ்களில் மூன்று பேர் கிடைத்த வண்டியைப் பிடித்துப் போயிருந்தார்கள். நான்காவது ஆள் வயதானவர், கடைசி வீட்டு வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அவரை இறக்கிவிடும்போது ஆறடிக்கப் பத்து நிமிஷம். அவர் போய் மாற்ற வேண்டிய இரவு நர்ஸ் அதுவரை வீட்டுக்குப் போக முடியாமல் வார்டிலேயே நின்றிருந்தாராம்.

எட்டு மணிக்கு மகள் திரும்பி வந்தாள். சாவியை மேசையில் வைத்தாள்.

"மூணு ஆயிடுச்சு. ரூட் போயிடுச்சுப்பா."

அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அழவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏறு வண்டியில் என்றேன். மச்சினன் கடைக்கு நானே ஓட்டினேன். வழி முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே போனேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மூன்று வருஷம் மிதிக்காத படியை இரண்டு இரண்டாகத் தாண்டினேன். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. இவன் விற்கிற லட்சணத்தை எல்லோரும் கேளுங்கள் என்று ஆரம்பித்தேன். சொந்த அக்காள் மகள் வயிற்றில் அடித்தவன் என்றேன். குப்பையில் போட வேண்டிய செட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறான் என்றேன். வேறு என்னென்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன் என்பது மட்டும் தெரியும். ஒருவர் கையில் வைத்திருந்த பெட்டியை மெதுவாகத் திரும்ப அலமாரியில் வைத்தார். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மச்சினன் கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் தகடு ஒன்றையும் சின்ன பல்பு ஒன்றையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்தான். டேஷ்போர்டின் ஓரத்தில் என் கரண்டிக் காம்பு போட்ட கீறலை விரலால் ஒரு தடவை தடவினான். சட்டம் சத்தமில்லாமல் கழன்றது. செட்டை வெளியே இழுத்தான். நான் ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்துக்கொண்டு நின்றேன்.

ஜாயிண்ட்டைப் பார்த்ததும் அவன் கை நின்றது. சிவப்பு, மஞ்சள், நீலம், ஆம்பிலிருந்து வந்த நீலம், எல்லாம் ஒரே முறுக்கு. அவன் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஆம்பைத் தொட்டுப் பார்த்தான். பிறகு நான் டேப் சுற்றி உள்ளே தள்ளியிருந்த செத்த வயரைத் தேடி எடுத்து, டேப்பைப் பிரித்து, பல்பை அதில் வைத்தான். எரியவில்லை. பார்த்தாயா, செத்த வயர்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் இடது கையால் சாவியை ஒரு திருகு திருகினான். பல்பு எரிந்தது. சாவியை எடுத்தான், அணைந்தது. மறுபடி போட்டான், மறுபடி எரிந்தது.

"சாவி போட்டா மட்டும் வர்ற லைன் அத்தான் இது. சிவப்பு இதுல போகணும். அப்பத்தான் வண்டியை நிறுத்தினா செட்டு தூங்கும். மஞ்சள்தான் நேர் பேட்டரி. நீலம் லைனே இல்ல, செட்டு எழுந்ததும் ஆம்பை எழுப்புற வயர்." குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். "நாலையும் ஒண்ணா முறுக்கிட்டீங்க. ஆம்ப் ராத்திரி பகலா முழிச்சிட்டே இருந்திருக்கு."

சாவி என் சட்டைப் பையில் பொத்தான் போட்டுப் பத்திரமாக இருந்தபோது அந்த வயர் எப்படி எரியும்? மெயினை அணைத்துவிட்டு லைனைத் தேடியிருக்கிறேன். இருபத்தெட்டு வருஷமாக எவன் எவனுக்கோ பாடம் எடுத்த அதே பழக்கம். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

கடைக்குள் இருந்தவர்களில் இரண்டு பேர் வாசலுக்கே வந்துவிட்டார்கள். மகளும் இறங்கி வந்து நின்றாள். என்ன மாமா என்று கேட்டாள். மச்சினன் அதற்குள் ஜாயிண்ட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிவிட்டான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, செட்டில்தான் கோளாறு, நான் சோதிக்காமல் கொடுத்துவிட்டேன், தப்பு என்னுடையது என்றான்.

அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன். சிரித்திருந்தால் அடித்திருப்பேன். அவன் அப்படி மூடியதும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதற்கு முன் யார்மேலும் எனக்கு அப்படிக் கோபம் வந்ததில்லை. அவன் கையைப் பிடித்துத் தள்ளினேன்.

"செட்டுல ஒண்ணும் இல்ல. இது நான் போட்ட ஜாயிண்ட். நான்தான் தெரியாம சேர்த்துட்டேன்."

பெட்டியை அலமாரியில் வைத்தவர் அதைக் கேட்டுத் தலை குனிந்துகொண்டார். மகள் குனிந்து அந்த முறுக்கைப் பார்த்தாள். வீட்டில் ஃபேன், விளக்கு, மோட்டார் எதைத் திறந்தாலும் உள்ளே இருப்பது அதே முறுக்குதான், அவளுக்குத் தெரியாதா. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வயர் தெரியாம போனதுக்கு நான் ஒண்ணும் கேக்கலப்பா. செவ்வாக்கிழமை கழட்டிரலாம்னு சொன்னேன். ஏன் கழட்டல? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் உண்டு. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், என் வாய்க்கு பயந்து ஒதுங்குவார்கள். அன்றைக்கு டேஷ்போர்டின் கீறலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கடைக்குள் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். மச்சினன் தன் இணைப்பு வயரைப் புதிதாக ஒன்று எடுத்து வந்து, நான் வெட்டிய நுனிகளை ஒவ்வொன்றாக ஈயம் உருக்கிச் சாலிடர் வைத்துச் சேர்க்க ஆரம்பித்தான். என்னை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்தான் சும்மா இருக்க மாட்டாமல், மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்றதை அந்த நேரம் பார்த்துக் கேட்டேன், கடை வயரிங்குக்கு என்னை ஏன் கூப்பிடவில்லை என்று. சாலிடர் புகைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"உங்களைக் கூப்பிட்டா நான் சொல்ற இடத்துல ஒரு ஸ்விட்ச்சாவது வைப்பீங்களா அத்தான்?"

அங்கிருந்து நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சூப்பர்வைசருக்கு என்னைத் தெரியும். அவர் உட்கார்ந்திருக்கிற அறைக்கு லைன் இழுத்தவனே நான்தான். நாற்காலி போட்டார். உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி இரண்டு தாமதமும் வண்டி ஓட்டுகிறவள் தப்பில்லை, அவள் முன்கூட்டியே சரியாகச் சொன்னாள், நான்தான் வீம்புக்குக் கேட்கவில்லை, எழுதிக் கொடு என்றால் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். யாரிடமும் அப்படிப் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். வண்டி, தேதி, வந்த நேரம் என்று மூன்று கட்டங்கள்.

"காரணம்னு ஒரு கட்டமே இதுல இல்லீங்க. இருந்தா இந்த ஊர்ல எந்த வண்டியையும் நான் மாத்த முடியாது."

ரூட்டைக் காலையிலேயே அடுத்த வண்டிக்குக் கொடுத்தாகிவிட்டது, அந்த டிரைவரும் ஒரு வருஷமாகக் காத்திருந்தவர் என்றார். மகள் பெயரை வரிசையில் கடைசியில் எழுதிக்கொண்டார். எத்தனை பேர் முன்னால் இருக்கிறார்கள் என்று கேட்டேன். பதினொன்று என்றார். நான் வெளியே வரும்போது, அறையில் டியூப் லைட் ஒன்று விட்டு விட்டு எரிகிறது, ஒரு நாள் வந்து பாருங்கள் என்று சாதாரணமாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை நாலரைக்கு இன்ஜின் சத்தம் கேட்டு விழித்தேன். ஒரே சாவியில் எடுத்தது. தூக்கக் கலக்கத்தில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் அன்று யாரையும் ஏற்றப் போக வேண்டியதில்லை என்பது உறைத்தது.

வாசலுக்கு வந்தேன். மகள் தினமும் உடுத்துகிற நீலச் சட்டையோடு, தலை வாரி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதம் காத்திருந்து வாங்கிய நேரம், உடம்பு தானாக எழுந்திருக்கும். செட்டின் வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது. பாட்டு ஓடவில்லை. எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வழக்கம்போல யாரைத் திட்டலாம் என்று பார்த்தேன். மச்சினன் இல்லை, பேட்டரிக்காரன் இல்லை, சூப்பர்வைசர் இல்லை. வீட்டில் அதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை.

படியில் இறங்கி, அவள் கேட்ட கேள்விக்குப் பதிலைச் சொல்லிவிடலாம் என்று நாலு எட்டு வைத்தேன். உன் மாமன் சிரிப்பானே என்று பயந்தேன், அவ்வளவுதான், வேறு காரணமே இல்லை. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கார் கதவுவரை போயும் வாய் வரவில்லை. அவள் என்னைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கினாள், காத்திருந்தாள், முந்தின நாள் கடையில் காத்திருந்த மாதிரியே. பிறகு சாவியைத் திருப்பி எடுத்தாள்.

செட் உடனே அணைந்தது. சீட்டுக்கு அடியில் ஆம்பும் அணைந்தது. வண்டியில் இப்போது ஒரு குறையும் இல்லை.